கதிர்சிகிச்சைப் பட்டப்படிப்பு: நேர்காணலில் ஒருமுறை தேறவில்லை, ஆறு வாரத்தில் எதைச் சரிசெய்வது?

கேள்வி: விண்ணப்பிக்கும் மாணவி

வணக்கம். புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சிச் சிகிச்சை தரும் கதிர்சிகிச்சைப் படிப்பில் சேர வேண்டும் என்பது என் இரண்டு வருட ஆசை. சென்ற முறை விண்ணப்பித்தபோது மதிப்பெண் போதுமானதாக இருந்தது, ஆனால் நேர்காணலில் தேறவில்லை. இப்போது வேறொரு கல்லூரியில் ஆறு வாரம் கழித்து நேர்காணல். அதற்கு முன்பு ஒரு எழுத்துத் தேர்வு, கூடவே ஒரு பக்கத்துக்கு "ஏன் இந்தப் படிப்பு" என்று கட்டுரை. நடந்ததை அப்படியே சொல்கிறேன், எங்கே தவறினேன் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

"எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் படிப்பு இருக்கிறதே, இது ஏன்?" என்று முதலில் கேட்டார்கள். கதிரைப் பாய்ச்சும் லீனியர் ஆக்சிலரேட்டர் எவ்வளவு நவீனமான கருவி என்று நான் ஐந்து நிமிடம் பேசினேன். அடுத்து ஒரு கணக்கு: ஒரு மீட்டரில் இருக்கும் கதிர் அளவு இரண்டு மீட்டரில் எவ்வளவு ஆகும்? பாதி என்றேன். கடைசியாக, "பத்தாவது நாள் ஒரு நோயாளி வந்து, இனி எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்கிறார். நீ என்ன செய்வாய்?" என்றார்கள். சிகிச்சையின் முக்கியத்துவத்தை எடுத்துச் சொல்லி எப்படியாவது சம்மதிக்க வைப்பேன் என்றேன். மூன்று பேரும் எதையோ எழுதிக்கொண்டார்கள்.

ஒரு நாள் முழுக்க கதிர்சிகிச்சைப் பிரிவில் நின்று பார்க்கவும் அனுமதி கிடைத்தது. ஆனால் மூலையில் நின்றதுதான் மிச்சம், கட்டுரையில் எழுத ஒன்றுமே இல்லை. இது போதாதென்று, இந்த வேலைக்குப் போனால் பிற்காலத்தில் உடம்புக்கு ஆகாது என்று அம்மா பயப்படுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: முன்பு தேர்வெழுதிய ஒருவர்

அடிக்கடி கேட்கும் ஐம்பது கேள்விகளுக்குப் பதில் எழுதி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நான் அப்படித்தான் போனேன், இடம் கிடைத்தது.

பதில்: பதினோரு வருடமாகக் கதிர்சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவர்

தங்கச்சி, மனப்பாடம் வேண்டாம். உனக்கு இடம் கிடைக்காததற்குப் பதில் தெரியாதது காரணமில்லை. நீ கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாய், மேசையில் படுத்திருப்பவரைப் பார்க்கவில்லை. முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் சறுக்கியது இந்த ஒரே இடத்தில்தான்.

ஸ்கேன் எடுப்பவர் ஒரு நோயாளியை ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை பார்ப்பார். நாங்கள் அதே மனிதரை வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல வாரம் பார்க்கிறோம். மருத்துவர் பெரும்பாலும் வாரம் ஒருமுறை பார்ப்பார். முதல் வாரம் சிரித்துக்கொண்டு வந்தவர் மூன்றாவது வாரம் தலை குனிந்து வந்தால் அதை முதலில் கவனிப்பது நாங்கள்தான். தொண்டையில் புண் வந்து சாப்பிட முடியாமல் எடை குறைந்தால், தலை அசையாமல் இருக்க முகத்தில் மாட்டும் மாஸ்க் தளர்ந்துவிடும். மாஸ்க் தளர்ந்தால் தலை நகரும், தலை நகர்ந்தால் கதிர் வேறு இடத்தில் படும். "சாப்பிட முடிகிறதா?" என்று விசாரிப்பது அன்பு மட்டும் இல்லை, துல்லியமும் அதில்தான் இருக்கிறது. எக்ஸ்ரே ஏன் வேண்டாம் என்று கேட்டால் இதைச் சொல்.

ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கதிர் பாய்வது பெரும்பாலும் ஓரிரு நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் வேறு வேலை. பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்வோம், நாங்களே சொல்லித் தலையாட்ட வைக்க மாட்டோம். படுக்க வைத்து, தோலில் குத்திய சின்னப் புள்ளிகளை லேசர் கோடுகளோடு பொருத்துவோம். கருவியிலேயே ஒரு ஸ்கேன் எடுத்து, திட்டமிட்ட படத்தோடு ஒப்பிட்டு மேசையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துவோம். அப்புறம் எல்லாரும் வெளியே வந்து, கேமராவில் அவரையே பார்த்துக்கொண்டு இருப்போம்.

இனி அந்தப் பத்தாவது நாள் கேள்வி. சிகிச்சையை மறுப்பது அவருடைய உரிமை. சம்மதிக்க வைப்பது உன் வேலை இல்லை. அன்றைக்கு மேசையில் படுக்க வைக்காதே. உட்கார வைத்து, "என்ன ஆச்சு?" என்று கேள். வலியாக இருக்கலாம், வந்து போக வண்டிக்குக் காசு இல்லாமல் இருக்கலாம், பக்கத்துப் படுக்கைக்காரர் ஏதோ சொல்லிப் பயமுறுத்தியிருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாள் தவறினால் என்ன ஆகும் என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்: இடைவெளி நீண்டால், வேகமாக வளரும் கட்டிகளில் தப்பித்த செல்கள் மறுபடி பெருகிவிடும். அந்த விவரத்தை மறைக்கவும் கூடாது, மிரட்டும் தொனியில் சொல்லவும் கூடாது.

பதில்: இரண்டாம் ஆண்டு மாணவர்

கணக்குப் பக்கம் நான் சொல்கிறேன். "பாதி" என்று சொல்லாதவர்கள் குறைவு, அதனால் வெட்கப்பட வேண்டாம். ஒரு டார்ச்சைச் சுவருக்கு நேரே பிடித்துப் பின்னால் போனால் வட்டம் அகலத்திலும் பெரிதாகும், உயரத்திலும் பெரிதாகும். தூரம் இரண்டு மடங்கானால் அதே வெளிச்சம் நான்கு மடங்கு பரப்பில் பரவும். அதனால் நான்கில் ஒரு பங்கு. மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. சூத்திரத்தை மறந்தாலும் டார்ச் மறக்காது.

தடுப்புச் சுவர் கணக்கும் கேட்பார்கள். கதிரைப் பாதியாக்கும் தடிமனுக்கு அரைமதிப்புத் தடிமன் என்று பெயர். அதைப் போல மூன்று மடங்கு தடிமன் வைத்தால் எட்டில் ஒரு பங்கு கடந்து வரும். ஆறில் ஒரு பங்கு என்று எழுதித்தான் நான் முதல் தேர்வில் மதிப்பெண் இழந்தேன்.

அரை ஆயுளை, அதாவது கதிரியக்கப் பொருளின் வலிமை பாதியாகக் குறைய ஆகும் காலத்தை, வேலையோடு சேர்த்துப் படியுங்கள். சில சிகிச்சைக் கருவிகளில் கதிர் மூலமாக வைக்கும் கோபால்ட்-60க்கு அது 5.27 வருடம். ஒரு வருடத்தில் மூலத்தின் வலிமை சுமார் 12 விழுக்காடு குறையும். அப்படியானால் இன்று 2 நிமிடம் கொடுக்கும் சிகிச்சைக்கு அடுத்த வருடம் இதே நாளில் சுமார் 2 நிமிடம் 17 வினாடி தேவைப்படும். இதை நானே போட்டுப் பார்த்தபோதுதான் அரை ஆயுள் என்பது வெறும் பாடம் இல்லை என்று புரிந்தது.

அப்புறம் கிரே, கதிர் அளவின் அலகு. ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் சேர்ந்தால் ஒரு கிரே. உடல் முழுக்க ஒரே நேரத்தில் 4 கிரே பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் பாதிப் பேர் பிழைப்பது கடினம். ஆனால் அந்த 4 கிரே உடம்பைச் சூடாக்குவது ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்! எரிந்து போவதால் செல் சாவதில்லை, டி.என்.ஏ. இழைகள் அறுபடுவதால்தான் சாகிறது. நல்ல செல்கள் அடுத்த நாளுக்குள் பெருமளவு பழுது பார்த்துக்கொள்ளும், புற்றுச் செல்களுக்கு அந்தத் திறமை பொதுவாகக் குறைவு. அதனால்தான் 50 கிரேயை ஒரே நாளில் கொடுக்காமல் 2 கிரே வீதம் 25 நாளாகப் பிரிக்கிறார்கள்.

உடற்கூறு படிக்கும்போது குறுக்குவெட்டுப் படங்களைப் பாருங்கள். சிடி படத்தில் நோயாளியின் வலது பக்கம் நமக்கு இடது பக்கம் தெரியும், அவருடைய காலடியில் நின்று மேல்நோக்கிப் பார்ப்பது போல. இதில் தடுமாறினால் பிறகு எல்லாமே தடுமாறும்.

பதில்: மருத்துவ இயற்பியலாளர்

அம்மாவின் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள், எண்களோடு பேசுங்கள். பன்னாட்டுக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் பணியாளர்களுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரைக் கணக்கிடும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 50ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு 1 மில்லிசீவர்ட். லீனியர் ஆக்சிலரேட்டர் மின்சாரத்தில் ஓடுவது, கதிரை நிறுத்தினால் நின்றுவிடும். சிகிச்சை நடக்கும்போது உங்களுக்கும் அறைக்கும் நடுவில் கனமான கான்கிரீட் சுவர் இருக்கும், கதவு திறந்தாலே கதிர் நிற்கும்படி பூட்டு அமைத்திருப்பார்கள். சட்டையில் அணியும் பேட்ஜ் நீங்கள் வாங்கிய அளவைப் பதிவு செய்யும். கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால், மீதிக் காலத்தில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்றித் தருவார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. 1985க்கும் 1987க்கும் இடையில் தெராக்-25 என்ற கருவியால் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு விபத்துகள் நடந்தன. மென்பொருள் பிழையால் நோயாளிகள் மீது மிக அதிகமான கதிர் பாய்ந்தது, சிலர் இறந்தார்கள். கருவி பிழைச் செய்தியைக் காட்டியது. ஆனால் அது தினமும் ஏதாவது ஒரு செய்தியைக் காட்டிக்கொண்டிருந்ததால், ஒரு விசையை அழுத்தித் தொடர்வது அங்கே பழக்கமாகிவிட்டது. நேர்காணலில் "நீ செய்த ஒரு பிழையைச் சொல்" என்று கேட்டால் சமாளிக்காதீர்கள். எப்போது தெரிந்தது, யாரிடம் சொன்னீர்கள், அடுத்த முறை எதை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். சந்தேகம் வந்த நொடியில் நிறுத்தத் துணிபவரைத்தான் இந்த வேலைக்குத் தேடுகிறோம்.

கேள்வி கேட்ட மாணவி

எல்லாருக்கும் நன்றி. நேற்று முப்பது கணக்கு போட்டேன், இரண்டுதான் தவறு. அம்மாவிடம் பேட்ஜ், சுவர் எல்லாம் சொன்னேன். "அந்தப் பேட்ஜை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார், அதாவது பாதி ஒத்துக்கொண்டார்.

கட்டுரைதான் இன்னும் நகரவில்லை. அக்கா, அன்றைக்கு நான் உண்மையிலேயே எதுவும் செய்யவில்லை. ஒரு வயதான ஐயா காது கேட்கும் கருவியைக் கழற்றி, அதன் டப்பாவை என்னிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

பதில்: பதினோரு வருடமாக வேலை செய்பவர்

அவருக்கு முகத்தில் மாஸ்க் போட்டார்களா? டப்பாவைக் கொடுத்த பிறகு அங்கே இருந்தவர்கள் என்ன செய்தார்கள், நினைவிருக்கிறதா?

கேள்வி கேட்ட மாணவி

ஆமாம் அக்கா, மாஸ்க்தான். கருவியைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு தெரபிஸ்ட் அவர் முன்னால் குனிந்து நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கையை உயர்த்தினால் நிறுத்திவிடுவோம் என்று செய்து காட்டினார், அவரையும் ஒருமுறை உயர்த்த வைத்தார். வெளியே போகும்போது அவர் தோளில் இரண்டு முறை தட்டினார். அது ஏன் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது! மாஸ்க்குக்குள் அவருக்கு ஸ்பீக்கரில் பேசுவது கேட்காது. நாங்கள் வெளியே போகிறோம் என்பதற்கு அந்தத் தட்டல்தான் அடையாளம்.

பதில்: பதினோரு வருடமாக வேலை செய்பவர்

இதைத்தான் எழுத வேண்டும், தங்கச்சி. காது கேட்காமல், முகம் மேசையோடு பூட்டப்பட்டு, தனியாக ஓர் அறையில் கிடக்கப் போகிறவரை எப்படித் தயார் செய்தார்கள் என்பதை நீ பார்த்திருக்கிறாய். லீனியர் ஆக்சிலரேட்டர் பற்றிய முதல் பத்தியை எடுத்துவிட்டு, டப்பா உன் கைக்கு வந்த இடத்திலிருந்து தொடங்கு. "சேவை செய்யத் துடிக்கிறேன்" போன்ற வரி ஒன்றுகூட வேண்டாம். ஒரு எச்சரிக்கை: அவர் யார் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி எழுது. பெயர், எந்த மருத்துவமனை, என்ன நோய், எதுவும் வரக் கூடாது. அதைக் கடைப்பிடித்திருக்கிறாயா என்றும் பார்ப்பார்கள்.

கேள்வி கேட்ட மாணவி

எழுதிவிட்டேன் அக்கா. பெயர் முதலிலேயே இல்லை. ஊரையும் அவர் செய்த தொழிலையும் இப்போது எடுத்துவிட்டேன், அன்றைக்கு என்ன கிழமை என்பதையும்கூட. டப்பாவும் அந்த இரண்டு தட்டலும் மட்டும் இருக்கின்றன.