கிராஃப் செப்பலின் வான்கப்பல்: எரிபொருள் தீரத் தீரக் கப்பல் லேசாகாதா?

கேள்வி: பெட்ரோல் எரிய எரிய எடை குறையும். ஈடுகட்ட, கப்பலை மிதக்க வைக்கும் ஹைட்ரஜனைத் திறந்துவிட வேண்டுமே? 1929 உலகச் சுற்றில் எப்படிச் சமாளித்தார்கள்?

பதில் 1: பெட்ரோலுக்குப் பதிலாக எரித்த பிளாவ் வாயு என்ற எரிவாயுதான் விடை. அதன் அடர்த்தி ஏறக்குறைய காற்றின் அடர்த்திதான். எரியும்போது பை சுருங்கும், அந்த இடத்தில் காற்று புகும், மொத்த எடை அப்படியே இருக்கும். ஹைட்ரஜன் பைகளுக்குக் கீழே தனிப் பைகளில் வைத்தார்கள். ஐந்து மேபாக் எஞ்சின்களும் பெட்ரோலிலும் ஓடும். சிக்கல், அவ்வளவு இடமும் ஹைட்ரஜனுக்குக் கிடைக்காது.

பதில் 2: வேறொரு வழியும் உண்டு. அமெரிக்காவின் ஆக்ரான் ஹீலியத்தில் மிதந்த வான்கப்பல், விலையுயர்ந்த வாயுவை வெளியே விட மனம் வராது. எரிந்த எடையை ஈடுகட்ட எஞ்சின் புகையைக் குளிரவைத்து நீரைப் பிடித்தார்கள். ஒரு கிலோ பெட்ரோல் எரிந்தால் சுமார் 1.4 கிலோ நீர் உருவாகும், முக்கால் பங்கு பிடித்தாலே போதும். ஆனால் பக்கவாட்டுக் குளிர்விப்பான்களால் எடையும் காற்றுத்தடையும் கூடின.