அப்பாவின் இறப்பு எந்தக் கணக்கில் சேரும்?

மூத்தமகள்:
அப்பாவுக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அதில் சிறுநீரகமும் பழுதாகி, பக்கத்து வட்டாரத்து மருத்துவமனையில் காலமானார். சான்றிதழில் ‘இதய நிறுத்தம்’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. சுகாதார அலுவலகத்தின் கணக்கில் இது எந்த நோய், எந்த வட்டாரம் என்று ஏறும்? எங்கள் வட்டாரத்தில் இறப்பு விகிதம் அதிகம் என்று வேறு சொல்கிறார்கள்.

பழைய குறியீட்டாளர்:
அம்மா, இறப்புக் காரணங்களுக்குக் குறியீடு போடும் வேலையில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தேன். ‘இதய நிறுத்தம்’ என்று மட்டும் எழுதிய தாள் வந்தால் மனம் கனத்துப் போகும். இதயம் நிற்காமல் யார் இறக்கிறார்கள்? அந்த வரி இறந்ததைத்தான் சொல்கிறது, எதனால் என்று சொல்லவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் படிவத்தில் முதல் பகுதியின் மேல் வரி, உயிரைப் பறித்த நேரடிக் காரணத்துக்கு. கீழே இறங்க இறங்க, அதற்கு வழிவிட்டது எது என்று எழுத வேண்டும். உங்கள் அப்பாவுக்கு முதல் வரியில் சிறுநீரகச் செயலிழப்பு, அதன் கீழ் நீரிழிவு, எதிரே ‘20 ஆண்டுகள்’ என்று வந்திருக்கலாம். பொதுவாக அந்த அடிவரிதான் அடிப்படைக் காரணமாகப் புள்ளிவிவரத்தில் ஏறும். ஐசிடி-10 என்ற பன்னாட்டு நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இதய நிறுத்தம் ஐ46. சிறுநீரகத்தைப் பாதித்த இரண்டாம் வகை நீரிழிவு இ11.2. ஐ46 என்று போட நேர்ந்தால், நீரிழிவுக் கணக்கில் ஓர் உயிர் குறைகிறது.

வட்டாரத்தைப் பொறுத்தவரை, பதிவு பெரும்பாலும் இறந்த இடத்தில் நடக்கும். ஒப்பீட்டுக்கு வழக்கமாக வசித்த இடத்தை எடுப்பார்கள். இல்லையென்றால் பெரிய மருத்துவமனை உள்ள ஊரெல்லாம் சாவு மலிந்த ஊராகத் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
முதியோர் நிறைந்த வட்டாரத்தில் விகிதம் கூடத்தானே செய்யும்?

பழைய குறியீட்டாளர்:
கூடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வட்டாரங்களிலும் 60 வயதுக்குக் குறைந்தோரில் ஆயிரத்துக்கு 2 பேர், 60-க்கு மேல் 40 பேர் இறப்பதாக வையுங்கள். முதியோர் 10 சதவீதம் என்றால் மொத்த விகிதம் 5.8, 20 சதவீதம் என்றால் 9.6. எந்த வயதிலும் ஆபத்து கூடவில்லை, ஆனாலும் எண் ஏறிவிட்டது. அதனால்தான் ஒவ்வொரு வட்டாரத்தின் வயதுவாரி விகிதங்களையும் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே மக்கள்தொகையின் மீது பொருத்தி, வயது சீராக்கிய விகிதத்தைக் கணக்கிடுகிறார்கள். உங்கள் வட்டாரத்துக்குச் சொன்னது அந்த விகிதமா என்று முதலில் கேளுங்கள். வட்டாரம் சிறியது என்றால் ஓராண்டு எண்ணையும் நம்பாதீர்கள். 6 இறப்பு மறு ஆண்டு 9 ஆனால் 50 சதவீத உயர்வு என்று வந்து நிற்கும். சில ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சான்றளித்த மருத்துவரை ஒருமுறை பாருங்கள், அம்மா. காரணத்தைத் திருத்தி எழுத வேண்டியவர் அவர்தான்.

மூத்தமகள்:
நன்றி ஐயா. அப்பாவின் டயாலிசிஸ் நோட்டு என்னிடம் இருக்கிறது. திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன்.