1941 அமெரிக்கன் லீக்கின் சிறந்த பேட்டர்களை எந்த அளவுகோலால் வரிசைப்படுத்துவது?

மன்னார்குடி உடற்கல்வி ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். பேஸ்பால் பழகும் எங்கள் பள்ளி மாணவர்களுக்கு ஒரு பருவத்தின் புள்ளிவிவரங்களைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதற்காக, அமெரிக்காவின் இரு பெரிய பேஸ்பால் லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் 1941ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பருவத்தில் பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் .406 சராசரி பெற்றார். அதன் பின் அமெரிக்கன் லீக்கிலோ நேஷனல் லீக்கிலோ ஒரு முழுப் பருவத்தில் எவரும்.400ஐ எட்டவில்லை. ஆனால் மிக மதிப்புமிக்க வீரர் விருதுக்கான வாக்கெடுப்பில், தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் (பந்தை அடித்து, அவுட் ஆகாமல், ஓட்டத்துக்காகத் தொட வேண்டிய நான்கு பேஸ்களில் ஒன்றையாவது எட்டுவது) அடித்த நியூயார்க் யாங்கீஸ் வீரர் ஜோ டிமாஜியோ 291 புள்ளிகளுடன் வென்றார். வில்லியம்ஸுக்குக் கிடைத்தவை 254. இதற்கிடையே வாஷிங்டன் அணியின் செசில் டிராவிஸ் .359 சராசரியுடன் டிமாஜியோவின் .357ஐ முந்தி நிற்கிறார். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த என் மாணவர்கள், சராசரி அதிகம் உள்ளவரே சிறந்தவர் என்று உறுதியாகச் சொல்கிறார்கள். தடுப்பாட்டத்தை விட்டுவிட்டு அடிக்கும் திறனை மட்டும் கணக்கில் கொண்டால், முதல் ஐந்து பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

குடந்தை வாசகர்:
ஐயா, உங்கள் மாணவர்களின் உள்ளுணர்வு சரியானதுதான். அதைப் பொருத்திப் பார்க்கும் இடம்தான் மாற வேண்டும். கிரிக்கெட்டின் சராசரி, ஒருவர் ஒருமுறை ஆட்டமிழப்பதற்குள் எத்தனை ஓட்டம் எடுக்கிறார் என்பதைக் காட்டுகிறது. பேஸ்பாலின் சராசரியோ ஹிட்டுகளை அட்-பேட்டுகளால் (வாக் போன்றவை நீங்கலாக பேட் செய்த முறைகளால்) வகுப்பது மட்டுமே. அதில் நான்கு பேஸையும் சுற்றிவர வைக்கும் ஹோம் ரன்னும் முதல் பேஸோடு நின்ற ஹிட்டும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன, நான்கு தவறான பந்துகளைப் பொறுமையாக விட்டு முதல் பேஸுக்குச் செல்லும் ‘வாக்’ எண்ணப்படுவதே இல்லை.

ஆகவே, ஒரு அவுட்டுக்கு எத்தனை பேஸ் கிடைத்தது என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். டிமாஜியோ 541 அட்-பேட்டில் 193 ஹிட் அடித்தார், மீதம் 348 அவுட். அவர் அடித்துப் பெற்ற மொத்த பேஸ்களும் (ஒரு ஹிட்டுக்கு ஒன்று முதல் ஹோம் ரன்னுக்கு நான்கு வரை) 348தான், அதாவது ஒரு அவுட்டுக்குச் சரியாக ஒரு பேஸ். வில்லியம்ஸ் 456 அட்-பேட்டில் 185 ஹிட் அடித்து, 271 அவுட்டுகளுக்கு 335 பேஸ் பெற்றார். இத்துடன் வில்லியம்ஸ் 147 முறை ‘வாக்’ பெற்றதையும் டிமாஜியோ 76 முறை பெற்றதையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரிகிறது. பேஸில் ஏறிய விகிதம் வில்லியம்ஸுக்கு .553, பேட் செய்ய வந்த முறைகளில் பாதிக்கும் மேல் அவர் அவுட் ஆகவில்லை என்பது எனக்கு.406ஐவிடப் பெரிய வியப்பு. மேலும், ஓட்டம் பெற்றுத்தரும் உயர்ந்த கேட்ச் அவுட்டை அட்-பேட்டில் சேர்க்காத இன்றைய விதி அப்போது நடைமுறையில் இல்லாததால், அந்த .406 இன்றைய கணக்கில் இன்னும் சற்று உயரும்.

மயிலாடுதுறை ரசிகர்:
கணக்கை ஏற்கிறேன், ஆனால் டிமாஜியோவை இவ்வளவு எளிதில் இரண்டாமிடத்துக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. மே 15 முதல் ஜூலை 16 வரை, நாளுக்கு நாள் ஏறிய எதிர்பார்ப்பின் நடுவே, ஓர் ஆட்டம்கூடத் தவறாமல் ஹிட் அடித்தவர் அவர். 30 ஹோம் ரன் அடித்த ஒருவர் பருவம் முழுவதிலும் 13 முறை மட்டுமே ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்காமலே மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆனார் என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். 125 ஆர்பிஐயுடன் (தன் ஆட்டத்தால் அணிக்குப் பெற்றுத்தந்த ஓட்டங்களுடன்) லீக்கில் முதலிடம் பெற்றவரும் அவரே.

குடந்தை வாசகர்:
அந்தத் தொடர் அரிய சாதனை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் அதே நாட்களில் டிமாஜியோவின் சராசரி .408, வில்லியம்ஸின் சராசரி .412. ஆர்பிஐ என்பது முன்னால் ஆடியவர்கள் பேஸில் காத்திருந்தால்தான் கிடைக்கும். வில்லியம்ஸின் 120க்கும் டிமாஜியோவின் 125க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து அடிக்கும் திறனைத் தீர்மானிக்க முடியாது. அணிக்குப் பயன்பட்டவர் யார் என்ற கேள்விக்கு டிமாஜியோவின் பெயரைச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆசிரியர் இங்கே கேட்டிருப்பது வேறு கேள்வி.

திருத்துறைப்பூண்டி வாசகர்:
மைதானத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். தலைமடை வயலையும் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடைமடை வயலையும் ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது என்று மட்டும் ஒப்பிட்டால், தண்ணீர் முதலில் வந்த வயலுக்கே எப்போதும் பெயர் கிடைக்கும். வலக்கை பேட்டர்கள் பந்தைப் பெரும்பாலும் இடப்பக்கமும் இடக்கை பேட்டர்கள் வலப்பக்கமும் அடிப்பார்கள். வலக்கை பேட்டரான டிமாஜியோவுக்கு அவரது சொந்த மைதானமான யாங்கீ ஸ்டேடியத்தின் இடது-மைய எல்லை 457 அடி தொலைவில் இருந்தது. வேறெங்கும் ஹோம் ரன் ஆகக்கூடிய பந்துகள் அங்கே கேட்ச் ஆயின. இதைச் சேர்த்தாலும் அவர் வில்லியம்ஸை எட்டமாட்டார், ஆனால் இரண்டாமிடத்தில் அவரை அசைக்க முடியாது.

உண்மையான போட்டி மூன்றாமிடத்துக்குத்தான். டிராவிஸ் 218 ஹிட்டுடன் லீக்கில் முதலிடம் பெற்றார் என்றாலும் ஹோம் ரன் ஏழுதான். அவரை ஐந்தாவதாக வைப்பேன். யாங்கீஸின் சார்லி கெல்லரின் சராசரி .298 மட்டுமே; ஆனால் 33 ஹோம் ரன் அடித்து 102 முறை ‘வாக்’ பெற்றதால், சராசரிப் பட்டியல் அவரை மறைத்துவிடுவதை மாணவர்களுக்குக் காட்ட இவரே நல்ல சான்று. கிளீவ்லாந்தின் ஜெஃப் ஹீத் .340 சராசரியுடன் 32 டபிள் (இரண்டாம் பேஸ் வரை செல்லும் ஹிட்), 20 டிரிபிள் (மூன்றாம் பேஸ் வரை), 24 ஹோம் ரன் அடித்தார்; மூன்றிலும் இருபதை எட்டிய முதல் அமெரிக்கன் லீக் வீரர் அவர். கெல்லர், ஹீத் இருவருமே இடக்கை பேட்டர்கள். கெல்லருக்கு அருகிலேயே வலது எல்லை இருந்த மைதானம் வாய்த்தது, ஹீத்துக்கு அந்த வசதி எல்லாச் சொந்த மைதான ஆட்டங்களிலும் கிடைக்கவில்லை. அதனால் மூன்றாமிடம் ஹீத்துக்கு, நான்காமிடம் கெல்லருக்கு என்பதே என் முடிவு.