1994 பிளேனோ ஈஸ்ட் – ஜான் டைலர்: மூன்றே நிமிடத்தில் 27 புள்ளி எப்படி?

மேலமாடத்தெரு கேட்டது:

டாலஸ் பகுதித் தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்கு, டெக்சாஸ் உயர்நிலைப் பள்ளி அமெரிக்க ஃபுட்பால் பிளேஆஃபில் (தோற்றால் வெளியே என்ற சுற்றுகளில்) மயிரிழையில் முடிந்த ஆட்டங்கள் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறோம். நம் பிள்ளைகள் பலர் பிளேனோ, ஃபிரிஸ்கோ பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அதனால் பிளேனோ ஈஸ்ட் – ஜான் டைலர் ஆட்டம் இல்லாமல் முடியாது. ஆனால் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பெற்றோருக்கும் புரிகிற மாதிரி எழுத வேண்டும். சிக்கல் இதுதான்: ஓர் அணி டச்டவுன் (பந்தை எதிரணிப் பக்கத்துக் கடைசிப் பகுதியான எண்ட்ஸோனுக்குள் கொண்டுபோவது) போட்டதும் பந்து எதிரணிக்குப் போக வேண்டுமே, பிளேனோ ஈஸ்ட் எப்படி நான்கு டச்டவுனை வரிசையாகப் போட்டது? முன்னிலைக்கு வந்த பிறகு பந்தை ஏன் தூரமாக உதைத்துக் கெடுத்துக்கொண்டார்கள்? அந்தக் காலத்தில் ஆட்டம் சமனில் முடிந்தால் யார் அடுத்த சுற்றுக்குப் போவார்கள்? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

---

நாலாவது டவுன்:

முதலில் ஸ்கோர் வரிசையைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். 1994 நவம்பர் 26, இர்விங் டெக்சாஸ் ஸ்டேடியம். 3 நிமிடம் 3 வினாடி மீதி இருக்கும்போது ஜான் டைலர் 41, பிளேனோ ஈஸ்ட் 17. அதன் பிறகு பிளேனோ ஈஸ்ட் கணக்கு 23, 30, 37, 44 என்று ஏறியது. 24 வினாடி மீதி இருக்கையில் 44–41. அடுத்த கிக்காஃபை, அதாவது புள்ளி எடுத்த அணி எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் பந்தை, ஜான் டைலர் ஆட்டக்காரர் தன் 3 யார்டு கோட்டில் பிடித்து 97 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். முடிவு 48–44.

24 புள்ளி பின்தங்கினால், தலா 8 வீதம் மூன்று டச்டவுன் சமனுக்குப் போதும். டச்டவுனுக்கு 6, பிறகு உதைத்தால் 1, உதைக்காமல் மறுபடி எண்ட்ஸோனுக்குள் கொண்டுபோனால் 2. முதல் டச்டவுனுக்குப் பின் அந்த 2 கிடைக்கவில்லை, 23-லேயே நின்றது. இடைவெளி 18. இரண்டு முறை 8 எடுத்தாலும் 16 தான். ஆக, இன்னும் மூன்று முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும், அதற்கு மூன்று முறை பந்தும் வேண்டும். அந்த மூன்று முறையும் ஆன்சைட் கிக்கில், அதாவது தாங்களே மீட்கப் பார்த்துக் கிட்டத்தில் உதைக்கும் கிக்காஃபில், பந்தை மீட்டார்கள்.

விதி சொல்வது இவ்வளவே: கிக்காஃப் பந்து 10 யார்டு கடந்துவிட்டால், அல்லது அதற்கு முன்பே எதிரணி ஆள் மேல் பட்டுவிட்டால், உதைத்த அணியும் அதை எடுத்துக்கொள்ளலாம். எடுத்த இடத்தில் பந்து நின்றுவிடும், தூக்கிக்கொண்டு ஓட முடியாது. 10 யார்டுக்குள் உதைத்த அணிக்காரன் முதலில் தொட்டால் அது தவறு.

கடிகாரத்தையும் மலரில் எழுதுங்கள். கிரிக்கெட் பார்த்தவர்களுக்குப் புரியாத இடம் அதுதான். டச்டவுனுக்குப் பின் வரும் கூடுதல் புள்ளி முயற்சிக்கு நேரம் ஓடாது. அன்றைய விதிப்படி கிக்காஃபில் பந்தை மைதானத்துக்குள் ஒருவர் முறையாகத் தொட்டால்தான் கடிகாரம் நகரும். ஆன்சைட் பந்தின் மேல் உடனே விழுந்துவிட்டால் போவது ஓரிரு வினாடி. பிடிபடாத பாஸ் என்றால் நிற்கும், ஓரக்கோட்டைத் தாண்டினால் நிற்கும், புது முதல் டவுன் (நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறியது) கிடைத்தால் தூரம் அளக்கும் சங்கிலியை நகர்த்தும் வரை நிற்கும். 3:03-இலிருந்து 0:24 வரை 159 வினாடி, நான்கு டச்டவுன். சராசரி 40 வினாடி. ஆன்சைட் பந்து கிடைப்பதோ நடுமைதானத்துப் பக்கம், போக வேண்டியது சுமார் 50 யார்டுதான். வாய் பிளக்க வைக்கும் கணக்கு இல்லை. மூன்று கிக்கும் அடுத்தடுத்துக் கைகூடியதுதான் அதிசயம்.

---

கரூர் லைன்மேன்:

ஆன்சைட் கிக்கை வெறும் அதிர்ஷ்டம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பந்து முட்டை வடிவம். 'டீ' என்ற சின்னத் தாங்கி மேல் வைத்து, அதன் மேல் பக்கத்தில் கால் படும்படி உதைத்தால் மூக்கு தரையில் குத்தும். முதல் ஒன்றிரண்டு துள்ளல் தாழ்வாக உருளும், அடுத்தது திடீரென்று தலைக்கு மேல் எழும்பும். அந்த உயரத் துள்ளல் சரியாக 10 யார்டு பக்கத்தில் வந்தால், உதைத்த அணி ஓடிவந்து சேரும் நேரமும் பந்து இறங்கும் நேரமும் ஒன்றாகிவிடும். நடுவில் உதைத்தால் தாழ்வாகப் போகும், அடியில் உதைத்தால் காற்றில் போய் எதிரணி கையில் உட்காரும்.

தடுக்கிற அணி கோட்டை விடுவது பெரும்பாலும் ஆள் தேர்வில். 'ஹேண்ட்ஸ் டீம்' என்று தனியாக ஓர் அணியை இறக்க வேண்டும்: பாஸ் பிடிப்பவர்கள், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்குகள், பந்து கையில் ஒட்டுகிறவர்கள். அதிலும் முன்வரிசைக்கு வேலை பந்தைப் பிடிப்பது இல்லை, ஓடி வருகிறவனைத் தடுப்பது. பிடிப்பது அவர்களுக்குப் பின்னால் நிற்பவன் வேலை. முன்வரிசைப் பையன் ஆசைப்பட்டு ஓரடி முன்னே வந்து கை நீட்டுவான், விரலில் பட்டுத் தெறிக்கும், அந்த நொடியிலிருந்து பந்து இரண்டு பேருக்கும் பொது. பந்தை அள்ளிக்கொண்டு ஓடப் பார்ப்பதும் அதே மாதிரி வினை. மார்புக்கும் முழங்காலுக்கும் நடுவில் பந்தைச் சுருட்டிக்கொண்டு படுத்துவிட வேண்டும். 24 புள்ளி முன்னிலையில் இருக்கிற பள்ளிப் பையனுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது லேசு இல்லை.

ஒரு சேதி: டெக்சாஸ் பள்ளிகள் மற்ற பெரும்பாலான மாநிலப் பள்ளிகளைப் போல் இல்லாமல் கல்லூரி விதியைப் பின்பற்றுகின்றன. கல்லூரி விதி 2012-ல் மாறியது. தரையில் குத்தி ஒரே துள்ளலில் மேலே எழும்பும் பந்தை, நேராகக் காற்றில் வந்த பந்து போலவே பிடிக்கும் உரிமை எதிரணிக்கு உண்டு. 'ஃபேர் கேட்ச்' கேட்கலாம், இடிக்கக் கூடாது. அதனால் இன்றைய உதைப்பவர்கள் பந்து இரண்டு முறையாவது தரையில் படும்படி பார்த்துக்கொள்கிறார்கள். இன்றைய ஆட்டத்தை மனத்தில் வைத்து 1994-ஐ அளந்தால் தப்பாகும்.

தூரக் கிக் பற்றி என் கருத்து: தப்புதான். 24 வினாடி, 3 புள்ளி முன்னிலை. தாழ்வாகத் தரையோடு தத்திப் போகும் 'ஸ்க்விப்' கிக் அடித்திருந்தால், பந்து எங்கோ 30 யார்டு பக்கம் ஒரு குண்டுப் பையன் கையில் சிக்கி, ஐந்தாறு வினாடி கரைந்து, அங்கேயே அமுங்கியிருக்கும். நன்றாக ஓடத் தெரிந்தவன் கையில் பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

---

இருபது யார்டு:

கரூர் சார், ஒரு பக்கம் மட்டும் பார்க்கிறீர்கள். ஸ்க்விப் அடித்தால் எதிரணி 35, 40 யார்டில் தொடங்கும். இன்னும் 18 வினாடி இருக்கும். ஒரு நீள பாஸ், ஓரக்கோட்டைத் தாண்டல், உதைத்து 3 புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல், 44–44. தூரமாக உதைத்து 20-க்குள் அமுக்கினால் 80 யார்டு போக வேண்டும். தூர உதை தப்பு இல்லை, அந்த உதைக்குப் பின்னால் ஓடியவர்கள் தங்கள் பாதையை விட்டதுதான் தப்பு. கிக் கவரேஜில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. பக்கத்துக் கோட்டுக்காரன் பக்கம் எல்லோரும் சாய்ந்தால் ஒரு சந்து திறக்கும், அதன் வழியே புகுந்தவனைப் பிடிக்க உதைத்தவன் ஒருவன்தான் பின்னால் மிச்சம்.

44–44 ஆகியிருந்தால் என்ன என்பதுதான் உங்கள் மூன்றாவது கேள்வி. கல்லூரி ஆட்டத்துக்கு ஓவர்டைம் முழுமையாக வந்தது 1996-ல். டெக்சாஸ் பள்ளிகளில் அதற்கு முன் பிளேஆஃப் சமனில் முடிந்தால் 'பெனட்ரேஷன்' எண்ணுவார்கள். எதிரணியின் 20 யார்டு கோட்டுக்குள் எத்தனை முறை பந்தோடு நுழைந்தீர்கள் என்ற கணக்கு. அதுவும் சமம் என்றால் முதல் டவுன் எண்ணிக்கை. இந்த ஏற்பாடு ஆட்டத்தின் போக்கையே மாற்றும். 14–14, பெனட்ரேஷன் 4–3 என்றால், 4 வைத்திருக்கிற அணி ஜெயித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைக்கும். பலகையில் சமன், ஆனால் ஒரு பக்கம் பதறும், மறுபக்கம் உருட்டும். பழைய செய்தித்தாளில் 14–14 என்று போட்டு ஒரு அணி 'முன்னேறியது' என்று எழுதியிருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள்.

இறுதிப் போட்டிக்கு மட்டும் அந்தக் கணக்கு இல்லை. சமன் என்றால் இருவருமே சாம்பியன். 1984-ல் மாணவர் எண்ணிக்கைப்படி மிக உயர்ந்த 5ஏ பிரிவு இறுதியில் ஒடெஸ்ஸா பெர்மியனும் பியூமான்ட் ஃப்ரெஞ்சும் 21–21, கோப்பை இருவருக்கும்.

---

மேலமாடத்தெரு:

மிக்க நன்றி. பெர்மியன் பெயர் வந்ததால் கேட்கிறேன். நாணயம் சுண்டி பெர்மியன் பிளேஆஃபுக்குப் போனது, பிறகு இறுதிப் போட்டியில் கடைசி யார்டில் தோற்றது என்று ஒரு படத்தில் பார்த்ததாகக் குழுவில் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படியே போடலாமா?

---

நாலாவது டவுன்:

நாணயம் உண்மை, இறுதிப் போட்டி பொய். 1988-ல் ஒரு மாவட்டத்திலிருந்து (சில பள்ளிகள் சேர்ந்த போட்டிக் குழு) இரண்டு அணிதான் பிளேஆஃப் போகலாம். பெர்மியன், மிட்லண்ட் லீ, மிட்லண்ட் மூன்றும் சமநிலையில் நின்றன. லீயிடம் பெர்மியன் தோற்றது 22–21, ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளியால்தான் நாணயம் வரை போனது. ஒரு ட்ரக் நிறுத்தத்தில் நடு இரவில் மூன்று பயிற்சியாளர்களும் சுண்டினார்கள். இருவருக்கு ஒரே பக்கம் விழுந்து ஒருவருக்கு மட்டும் மாறி விழுந்தால், அந்த ஒருவர் வெளியே. வெளியே போனது மிட்லண்ட். இப்போது பெரிய பிரிவுகளில் மாவட்டத்துக்கு நான்கு அணி போகிறது, அந்த அளவு நெருக்கடி அபூர்வம்.

பெர்மியன் தோற்றது அரையிறுதியில், ஆஸ்டினில், டாலஸ் கார்ட்டரிடம், 14–9. படத்தில் அது ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் நடக்கும் இறுதிப் போட்டி, 34–28. நண்பர் நினைவில் நிற்பது படத்தின் ஆட்டம். கார்ட்டர் பிறகு இறுதியில் கன்வர்ஸ் ஜட்சனை 31–14 வென்றது. ஆனால் ஓர் ஆட்டக்காரரின் அல்ஜீப்ரா மதிப்பெண் தகராறில் அந்தப் பட்டம் பின்னர் பறிக்கப்பட்டு ஜட்சனுக்குப் போனது. பாடத்தில் 70 வாங்காதவன் ஆடக் கூடாது என்பது 1984-லேயே வந்த மாநிலச் சட்டம். 1988 சாம்பியன் யார் என்று எழுதும்போது இரண்டு பெயரையும் காரணத்தோடு போடுங்கள், இல்லாவிட்டால் யாராவது திருத்தக் கடிதம் போடுவார்கள்.

---

இருபது யார்டு:

சரிபார்க்கும்போது சில இடத்தில் கால் தடுக்கும். 1994-ல் 5ஏ தான் உச்சப் பிரிவு, 6ஏ வந்தது 2014-ல். இன்றைய 5ஏ-வோடு ஒப்பிடக் கூடாது. அப்போதே 5ஏ-க்குள் டிவிஷன் 1, டிவிஷன் 2 என்று இரண்டு கோப்பை. ஜான் டைலர் அந்த ஆண்டு ஆஸ்டின் வெஸ்ட்லேக்கை 35–24 வென்று டிவிஷன் 2 எடுத்தது. டிவிஷன் 1 எடுத்தது கேட்டியை 28–7 வென்ற பிளேனோ. அது பிளேனோ ஈஸ்ட் இல்லை, பக்கத்துப் பள்ளி. உங்கள் வாசகர்கள் இரண்டையும் கலக்கத்தான் செய்வார்கள், ஒரு வரி போட்டுவிடுங்கள்.

பள்ளிப் பெயர்களும் மாறியிருக்கின்றன. ஜான் டைலர் 2020 முதல் டைலர் உயர்நிலைப் பள்ளி, மிட்லண்ட் லீக்குச் சில ஆண்டுகள் லெகசி என்ற பெயர் இருந்தது. பழைய பெயரில் தேடினால்தான் பழைய செய்தி கிடைக்கும். டெக்சாஸ் ஸ்டேடியமும் 2010 ஏப்ரலில் தகர்க்கப்பட்டுவிட்டது, புகைப்படம் எடுக்க யாரையும் அனுப்பாதீர்கள்.

மாநில இறுதிப் போட்டி முடிவுகள் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூஐஎல் அமைப்பின் தளத்தில் ஆண்டுவாரியாக இருக்கின்றன. முந்தைய சுற்றுகளுக்கு உள்ளூர்ச் செய்தித்தாள்தான் கதி. வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் நடத்தும் டெக்சாஸ் வரலாற்று இணையக் களஞ்சியத்தில் பல ஊர்ப் பத்திரிகைகள் இலவசம், மற்றவை அந்தந்த ஊர் நூலகத்தில் மைக்ரோஃபிலிமாக இருக்கும். வெள்ளி இரவு ஆட்டத்துக்குச் சனிக்கிழமை இதழோடு ஞாயிறு இதழையும் பாருங்கள். இரவு தாமதமாக முடிந்த ஆட்டத்துக்குச் சனியன்று ஸ்கோர் மட்டும் நுழைத்துவிட்டு விவரத்தை ஞாயிறு போடுவார்கள். புள்ளிவிவரக் கட்டத்தில் பாஸ் கணக்கு 7-15-2 என்று இருந்தால் எந்த எண் எறிந்த பாஸ், எது பிடிபட்டது, எது எதிரணி பறித்தது என்று தலைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பத்திரிகைக்குப் பத்திரிகை வரிசை மாறும். ஆட்டத்தின் நான்கு குவாட்டர் (கால் பகுதி) புள்ளியையும் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். கூடுதல் புள்ளி தவறிய இடத்தில்தான் அச்சில் அதிகம் பிழை வரும். 17-லிருந்து 23-க்குப் போன பிளேனோ ஈஸ்ட் கணக்கை 24 என்று போட்டிருந்தால் 48–44 வரவே வராது.