எறும்பளையின் 'ஷாஃப்ட்': சுரங்கமா, தூம்பா?

வணக்கம்.

எறும்புகள் நிலத்தடியில் வாழிடம் தோண்டுவது பற்றிய கட்டுரைக்கு மூன்று சொற்கள் வேண்டும்: நெஸ்ட் (வாழிடம் முழுவதும்), சேம்பர், ஷாஃப்ட் (கீழே இறங்கும் வழி). சேம்பருக்கு 'அறை' போதும். நெஸ்டைப் 'புற்று' என்றால் கரையான் எழுப்பிய மேடுதான் நினைவுக்கு வரும். இங்கே பேச்சோ மண்ணுக்கு அடியில் இருப்பதைப் பற்றி. ஷாஃப்டுக்கு அகராதி தரும் 'தண்டு' எந்திரத்துக்கு உரியது. இப்போதைக்குச் 'சுரங்கம்' என்று எழுதியிருக்கிறேன். நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

* * *

வணக்கம். புற்றைத் தவிர்த்தது சரி. குறுந்தொகை 12ஆம் பாட்டில் பாறைமேல் உள்ள சிறு சுனைகளுக்கு 'எறும்பி அளை' உவமையாக வருகிறது. எறும்போடு சேர்ந்தே வழங்கிய சொல் இருக்கும்போது புதிதாக ஆக்குவானேன்? நெஸ்ட் 'அளை'யாகட்டும்.

சுரங்கம் எனக்கு ஒப்பவில்லை. அது படுக்கைவசமாக, ஆள் நடக்கும் அகலத்தில் போகும் வழி. ஃபுளோரிடா அறுவடை எறும்பின் அளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் எறும்பு ஆய்வாளர் வால்டர் சிங்கல் பிளாஸ்டர், மெழுகு, உருகிய அலுமினியம், துத்தநாகம் ஆகியவற்றை ஊற்றி இத்தகைய அளைகளை வார்ப்பாக எடுத்திருக்கிறார். ஆழம் 3 மீட்டர் வரை போகும். குறுகிய வழி ஒன்று சுருண்டு சுருண்டு கீழே இறங்குகிறது. மேற்பகுதியில் சாய்வு குறைவு. ஆழம் கூடக்கூடச் செங்குத்தாகிறது. அந்தச் சுருளின் வெளிப்புறத்தில் தட்டையான தரையோடு ஒரு சிறு குடைவாகத்தான் ஒவ்வோர் அறையும் தொடங்குகிறது. உயரம் சுமார் 1 செ.மீ. தான். மேலறைகள் பெரியவை, நெருக்கமானவை. கீழே போகப்போகச் சிறுத்து, விலகிப்போகின்றன.

இந்த வழிக்கு என் பரிந்துரை 'தூம்பு'. உட்டுளையுள்ள குழாய் என்பதே அதன் பொருள். ஏரிநீரைப் பாசனத்துக்குத் திறந்துவிடும் குமிழித்தூம்பிலும் நீர் மேலிருந்து கீழே துளைவழியாகத்தானே இறங்குகிறது? ஒடுக்கமும் இறக்கமும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. ஒடுக்கம் இங்கே முக்கியம். நெருப்பெறும்பின் வழி ஏறக்குறைய அதன் உடல்நீள அகலமே இருக்கும். கால் வழுக்கினால் கால்களையும் உணர்கொம்புகளையும் சுவரில் ஊன்றி விழாமல் நிற்கும். அகன்ற கிணறாக இருந்தால் அது முடியாது.

* * *

தூம்பு நன்று. ஒரு தடை மட்டும்: சுருள்வது எல்லா அளைக்கும் பொது அல்ல. ஆகவே தூம்பு பொதுப்பெயர், சுருள்வது 'புரித்தூம்பு' என்று பிரிப்போம். வலம்புரியில் உள்ள அதே புரி.

அளை எப்படிப் பெரிதாகிறது என்று எழுதும்போது இன்னொரு சொல்லும் தேவைப்படும். அறுவடை எறும்பு தூம்பை ஆழப்படுத்தி, இருக்கும் அறைகளின் ஓரத்தைக் குடைந்து மடல்மடலாக விரிக்கிறது. நெருப்பெறும்போ ஒரு தூம்பும் அதில் கோத்த அறைகளும் கொண்ட அலகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போகிறது. அந்த அலகைத் 'தூம்பறைக் கோவை' எனலாமா? கம்பியில் மணி கோத்ததுபோலத்தான் வார்ப்பிலும் தெரிகிறது.

வார்ப்பு பற்றியும் எழுதுவீர்களானால் கவனம்: உலர்ந்த மண் பிளாஸ்டரின் நீரை உறிஞ்சிவிடும்; கலவை கெட்டியாக இருந்தால் தூம்பின் நடுவிலேயே அடைத்துக்கொள்ளும். நீர்க்கக் கரைக்க வேண்டும். எடுக்கும்போது துண்டு துண்டாகத்தான் வரும், ஒட்டிச் சேர்க்க வேண்டும். அலுமினியம் உறுதியானது; ஆனால் 660 டிகிரி செல்சியஸில் உருகுவது, ஒடுங்கிய தூம்பில் வெப்பம் இழந்து அடியைத் தொடுமுன் உறைந்துவிடலாம். ஆழமில்லாத வார்ப்பைப் பார்த்து ஆழமில்லாத அளை என்று எழுதிவிடக் கூடாது. அதோடு, உலோகம் ஊற்றினால் உள்ளிருக்கும் எறும்புகள் பிழைக்காது. இதையும் கட்டுரையில் சொல்லிவிடுங்கள்.

எறும்பு வெளியே கொண்டுவரும் மண்ணை 'மண் உருண்டை' என்றே எழுதுங்கள். ஈரமணலைத் தாடையாலும் முன்கால்களாலும் வாரி, தலைக்கு அடியிலுள்ள தாடிமயிரில் அணைத்துத்தான் அறுவடை எறும்பு மேலே கொண்டுவருகிறது. காய்ந்த மணல் உருண்டையாகத் திரளாது.

* * *

அளை, தூம்பு, புரித்தூம்பு மூன்றையும் எடுத்துக்கொண்டேன். கோவையில் மட்டும் 'தூம்பறை'யை விட்டு 'அறைக்கோவை' என்று சுருக்குகிறேன். கோக்கும் கம்பி தூம்புதான் என்பது சொல்லாமலே விளங்கும். என் கட்டுரையின் முதல் பத்தி இப்படி மாறுகிறது:

"அறுவடை எறும்புக் குடி இடம்பெயர்ந்தால் சில நாள்களிலேயே புது அளையைத் தோண்டி முடிக்கிறது. முதலில் புரித்தூம்பு இறங்குகிறது. அதன் வெளிவளைவில் அறைகள் குடையப்படுகின்றன. மண் உருண்டைகள் மேலே வந்து வாயிலைச் சுற்றிக் குவிகின்றன."