பேச்சு வர லேட்டாகுதா? கடலூர், புதுவைப் பெற்றோரின் அனுபவப் பகிர்வு

மஞ்சக்குப்பம் அம்மா:

போன வாரம் ஒருத்தங்க, “ரெண்டரை வயசாகுது, பத்து வார்த்தைகூட வரல, எங்க போறது?”ன்னு கேட்டிருந்தாங்க. பதில் நீண்டுட்டதால தனியாவே எழுதறேன். மத்தவங்களும் உங்க அனுபவத்தைக் கீழ சேருங்க.

என் பையனுக்கும் அதே வயசுதான் அப்போ. அம்மா, தா, பூ. லாரி, பஸ், ஆட்டோ எல்லாத்துக்கும் ‘பூம்’. நாம சொல்றது மட்டும் நல்லாப் புரியும். செருப்பை எடுத்துட்டு வாடான்னா ஜோடி மாறாம எடுத்துட்டு வருவான். “ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவங்கப்பனே மூணு வயசுலதான் வாயைத் தொறந்தான்”னு வீட்டுல சமாதானம் சொன்னாங்க. குழந்தை டாக்டர் எல்லாத்தையும் கேட்டுட்டு, “காது டெஸ்ட் எடுத்தீங்களா?”ன்னார். குக்கர் விசில் அடிச்சா திரும்பறானே டாக்டர்னேன். விசில் கேட்கிறது வேற, ‘ச’வும் ‘த’வும் பிரிஞ்சு கேட்கிறது வேற, முதல்ல எடுத்துட்டு வாங்கம்மான்னு அனுப்பிட்டார்.

அந்தக் காது டெஸ்ட்டுக்கு ‘பெரா’ன்னு பேரு, அதுக்குக் குழந்தை தூங்கணும். நெத்தியிலயும் காதுக்குப் பின்னாடியும் ஒயர் ஒட்டி, காதுல டிக் டிக்னு சத்தம் அனுப்பி, நரம்பு அதை வாங்குதான்னு பார்க்கிறாங்க. காலையில சீக்கிரமே எழுப்பிடுங்க, வர்ற வழியில தூங்க விடாதீங்கன்னாங்க. கடலூர்-பாண்டி பஸ்ல ஒரு குழந்தையைத் தூங்க விடாம கூட்டிட்டுப் போய்ப் பாருங்க, தெரியும். கன்னியக்கோயில் தாண்டறதுக்குள்ள கண்ணு சொக்கிடுச்சு. அரியாங்குப்பம் வர்ற வரைக்கும் மாமியார் ஜன்னலோரம் நிக்க வெச்சு மாடு, பாலம், கொடிக்கம்பம்னு காட்டிக்கிட்டே வந்தாங்க. டெஸ்ட் எடுக்கிற இடத்துல படுக்க வெச்சா, பளிச்சுனு முழிச்சுக்கிட்டான். கடைசியில மருந்து குடுத்துத்தான் தூங்க வெச்சாங்க. காதுல ஒரு குறையும் இல்ல.

அப்புறம்தான் பேச்சுப் பயிற்சி. கண்ணாடி முன்னாடி நாக்கை நீட்டு, மடக்குன்னு சொல்லிக் குடுப்பாங்கன்னு எதிர்பார்த்துப் போனேன். பயிற்சி குடுக்கிற பொண்ணு தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோப்புக் குமிழி டப்பாவை மூடி இறுக்கி அவன் கையில குடுத்துட்டு சும்மா இருந்துச்சு. அவனால திறக்க முடியல. டப்பாவைப் பார்க்கிறான், அந்தப் பொண்ணைப் பார்க்கிறான். அது புருவத்தைத் தூக்கிக் காத்திருக்கு. ரொம்ப நேரம் கழிச்சு “தொ”ன்னான். உடனே “தொற! தொறந்தாச்சு!”ன்னு திறந்து ஊதிடுச்சு. “எங்க, முழுசாச் சொல்லு”ன்னு ஒரு தடவைகூடக் கேட்கல.

யோசிச்சுப் பார்த்தா, பேசாத குழந்தைகிட்ட வீட்டுல இருக்கிறவங்க, வர்றவங்க போறவங்க எல்லாரும் பேசறது கேள்வியாத்தான் இருக்கு. இது என்ன, இது என்ன கலர், மாமா பேர் சொல்லு, காக்கா எப்படிக் கத்தும்? நாள் பூரா பரீட்சை. அந்தப் பொண்ணு சொன்னது இதுதான்: கேள்வியைக் குறைங்க, அவன் பார்க்கிறதை நீங்க சொல்லுங்க, சொல்லிட்டு மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. ‘காரு’ன்னு காட்டினா “ஆமா, செவப்பு காரு”ன்னு ஒரு வார்த்தை கூட்டித் திருப்பிக் குடுங்க.

கேட்க சுலபமா இருக்கு இல்ல? அந்த அஞ்சு எண்ற நேரம் எங்க வீட்டுல யாராலயும் வாயை மூட முடியல. மாமனார் மூணு வர்றதுக்குள்ள அவரே பதிலைச் சொல்லிடுவார். நாங்க எல்லாரும் அவரைக் கம்முன்னு இருங்கன்னு சொல்லிச் சொல்லி, பையன் முதல் முதலா ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசினதே “தாத்தா கம்மு”தான்.

இன்னொண்ணு. இதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல (பேர் வேணாம்) குழந்தையை மட்டும் உள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்திட்டு, முக்கால் மணி நேரம் கழிச்சு “நல்லாப் பண்றான்”னு அனுப்புவாங்க. என்ன பண்ணான்னு கேட்டா பதில் இல்ல. என்னைக் கேட்டா, அம்மா அப்பாவை உள்ள விடாத இடம் வேண்டவே வேண்டாம். மீதி நேரமெல்லாம் அவன் நம்ம கூடத்தானே இருக்கான்?

பாகூர் தாத்தா:

அந்த மாமனாரின் நிலைமை எனக்கு நன்றாகவே புரிகிறது அம்மா. பேரப்பிள்ளை தடுமாறும்போது நாம் எடுத்துக் கொடுக்காமல் இருப்பது லேசான காரியமா?

நாங்கள் பேத்திக்குப் பேச்சு வர வேண்டும் என்று திருவந்திபுரம் போய், மலையேறி ஹயக்ரீவரை வேண்டிக்கொண்டோம். அதைக் கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். வேண்டுதலும் நடந்தது, வாரா வாரம் பயிற்சியும் நடந்தது. ஆனால் என் சம்சாரம் வசம்பைச் சுட்டு, தேனில் உரைத்துப் பேத்தி நாக்கில் தடவ வேண்டும் என்று நின்றபோது குழந்தை மருத்துவர் தடுத்துவிட்டார். வசம்பில் அசரோன் என்று கெடுதலான பொருள் ஒன்று இருக்கிறதாம். அதற்காகவே அமெரிக்காவில் 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். ஒரு வயது முடியாத பிள்ளைக்குத் தேனும் கூடாது என்றார். நாக்கு தடிமனாக இருப்பதால் பேச்சு வரவில்லை என்று சொல்லி யாராவது நாக்கைச் சுரண்ட வந்தால் அவர்களையும் வாசலோடு அனுப்புங்கள்.

பயிற்சியாளர் (கடலூர்):

பேச்சுப் பயிற்சி என் தொழில், அந்த முறையில சில விஷயம் சொல்றேன். ஒரு வயசை ஒட்டி ஒண்ணு ரெண்டு வார்த்தை, ரெண்டு வயசுல சுமார் 50 வார்த்தை, அதோட ‘பால் வேணும்’, ‘அப்பா போச்சு’ மாதிரி ரெண்டு சேர்ந்து வரணும். ரெண்டு வயசுக் குழந்தைகள்ல நூத்துக்குப் பத்துப் பதினஞ்சு பேர் இதுக்குப் பின்தங்கித்தான் இருக்காங்க. அதுல நிறையப் பேர் தானாவே எட்டிப் பிடிச்சிடறாங்க. “பக்கத்து வீட்டுப் பையன் தன்னால பேசிட்டான்”னு சொல்றது பொய் இல்ல. ஆனா யார் தானா பேசுவாங்க, யார் மாட்டாங்கன்னு அந்த வயசுல யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. அதனாலதான் காத்திருக்காதீங்கன்னு சொல்றோம். ஒரு வயசு தாண்டியும் விரல் நீட்டிக் காட்டாத குழந்தை, பேர் கூப்பிட்டா திரும்பாத குழந்தை, எந்த வயசா இருந்தாலும் வந்த வார்த்தை நின்னுபோன குழந்தை, இவங்களை உடனே கூட்டிட்டு வாங்க.

வீட்டுல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ், அதான் குழம்பிட்டான்னு பாதிப் பேர் சொல்றாங்க. ரெண்டு மொழியால பேச்சு தாமதமாகாது. தமிழை நிறுத்திட்டு உடைஞ்ச இங்கிலீஷ்ல பேச ஆரம்பிக்கிறதுதான் நஷ்டம். உங்களுக்குச் சரளமா வர்ற மொழியில பேசுங்க.

உச்சரிப்பு தனி விஷயம். மூணு வயசுக் குழந்தை காக்காவை ‘தாத்தா’ன்னு சொன்னா பயப்பட ஒண்ணுமில்ல. ‘ர’வும் ‘ற’வும் தெளிய இன்னும் நாளாகும். நாலு வயசுப் பொண்ணுக்கு ‘ழ’ வரலைன்னு ஒருத்தர் கூட்டிட்டு வந்தார். பிரச்சினை என்னன்னு கேட்டேன். “வாளப்பளம்னு சொல்லுது மேடம்”னார். எது தப்பு, எது சரின்னு அவர் சொன்னது ரெண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டுது.

போற இடத்துல இருக்கிறவங்க இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணவங்களான்னு கேளுங்க. 1992-ஆம் வருஷச் சட்டப்படி பதிவு கட்டாயம். கேட்டா கோவிச்சுக்கிறவங்ககிட்ட போகாதீங்க. தனியார்ல செலவு பண்ண முடியாதவங்க அங்கன்வாடிக்கு வர்ற ஆர்.பி.எஸ்.கே. டாக்டர் குழுகிட்ட சொல்லுங்க. குழந்தைகளைப் பரிசோதிக்கிற அரசுத் திட்டம் அது, 2013-ல தொடங்கினது. 18 வயசு வரைக்கும் உண்டு. அவங்களே டி.இ.ஐ.சி.ங்கிற ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதித் தருவாங்க.

தேவனாம்பட்டினம் அப்பா:

என் பொண்ணுக்குப் பொறவியிலயே காது கேட்காது. உள்காதுல கருவி வெக்கிற காக்ளியர் ஆபரேஷன் ஆச்சு. லட்சக்கணக்குல ஆவுற செலவு, தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஆறு வயசுக்குள்ள இருக்கிற புள்ளைங்களுக்கு இலவசம். அதனால சீக்கிரம் கண்டுபுடிக்கிறதுதான் முக்கியம்.

ஆபரேஷன் முடிஞ்சா பேசிடும்னு ஊர்ல நெனைக்கிறாங்க. தையல் ஆறி, சில வாரம் கழிச்சுத்தான் மெஷினை ஆன் பண்ணாங்க. வீல்னு கத்தி அம்மாவைக் கட்டிப் புடிச்சிக்கிச்சு, பாவம், அதுக்கு முன்னாடி சத்தம்னா என்னன்னே தெரியாதே. அப்புறம் மேப்பிங்னு சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா சரிபண்ணிக்கிட்டே போறாங்க. பயிற்சி டீச்சர் வாயை மறைச்சிக்கிட்டுத்தான் பேசுவாங்க. ஒதட்டைப் பார்த்துப் புரிஞ்சிக்காம காதால வாங்கணுமாம்.

எங்களுக்கு இருக்கிற பெரிய தொல்லை உப்புக்காத்து. வெளியில மாட்டுற மெஷினுக்கு ஈரம் ஆகாது. ராத்திரி கழட்டி, ஈரம் உறிஞ்சுற டப்பாவுல போட்டு மூடணும். கடலுக்குப் போறதுக்கு முன்னாடி அதைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் கெளம்புறேன். இப்ப கரைக்கு வந்து கூடையைக் கொட்டுனா சங்கரா, வஞ்சிரம்னு பேர் சொல்லுது. நெத்திலி மட்டும் இன்னும் ‘நெத்தி’தான்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அம்மா:

எல்லாருடைய கதையும் பேச்சு வந்தது என்று முடிகிறது. என் மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, ஆட்டிசம். வாயால் சொல்வது நாலைந்து சொல்தான். காத்திருந்து ஐந்து எண்ணினால் எங்களுக்குப் போதாது.

நாங்கள் பட அட்டை பயன்படுத்துகிறோம். தண்ணீர் வேண்டுமானால் தண்ணீர்ப் படத்தை எடுத்துக் கையில் தருவாள். “படம் காட்டிப் பழக்கினால் வாய் பேச சோம்பேறித்தனம் வந்துவிடும்” என்று சொல்லாத உறவினர் கிடையாது. அப்படி ஆகாது, இருக்கிற பேச்சுக்கு அது துணைதான் என்று எங்கள் தெரபிஸ்ட் முதலிலேயே விளக்கிவிட்டார். எங்கள் வீட்டில் அதிகம் தேய்ந்துபோன அட்டை ‘வேண்டாம்’. அது கைக்கு வந்த பிறகு தரையில் விழுந்து அழுவது பாதியாகக் குறைந்தது. அதற்கு முன்பு வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது? காந்தி வீதி சண்டே மார்க்கெட் இரைச்சலில் ‘போலாம்’ அட்டையை எடுத்து நீட்டினாள்; வாங்க வந்ததை வாங்காமலே திரும்பினோம்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு, பேச்சு-மொழிக் குறைபாடும் உண்டு. அடையாள அட்டை எடுக்கக் கூச்சப்படாதீர்கள். அப்புறம், “பேச்சு வந்துடுமா?” என்று பார்க்கும்போதெல்லாம் கேட்காதீர்கள். “இன்னைக்கு என்ன விளையாடினா?” என்று கேளுங்கள், நான் நிறையச் சொல்வேன்.

நெல்லிக்குப்பம்:

என் பையனுக்கு மூணேகால் வயசு. நல்லாப் பேசிட்டு இருந்தவன் ரெண்டு மாசமா “நா நா நா நானு”ன்னு திக்கறான். அவங்க பாட்டி ‘மெதுவாச் சொல்லு கண்ணு, மூச்சை இழுத்துட்டுச் சொல்லு’ன்னு சொல்றாங்க. இதுக்கும் இப்பவே போகணுமா?

பயிற்சியாளர் (கடலூர்):

ரெண்டுல இருந்து அஞ்சு வயசுக்குள்ள திக்கல் ஆரம்பிக்கிறது சகஜம்தாங்க, பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானா போயிடும். ஆறு மாசம் தாண்டினாலோ, வீட்டுல வேற யாருக்காவது திக்கல் இருந்தாலோ, பேசறப்ப கண்ணை இறுக்கினாலோ, முகம் கோணினாலோ, பேசவே தயங்கினாலோ காத்திருக்காம வாங்க. ‘மெதுவா, மூச்சை இழு’ எல்லாம் பாட்டிகிட்ட சொல்லி நிறுத்திடுங்க. அவனைத் திருத்த வேணாம், நீங்க நிதானமாப் பேசுங்க, அவன் முடிக்கிற வரைக்கும் முகத்தைப் பார்த்துக் கேளுங்க.

வர்றதுக்கு முன்னாடி வீட்டுல அவன் பேசறதை போன்ல ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்க. புது இடத்துல நிறையக் குழந்தைங்க வாயே திறக்கறதில்ல. திக்கறப்பவும் எடுங்க, சாதாரணமாப் பேசறப்பவும் எடுங்க. அவனுக்குத் தெரியாம எடுத்தா ரொம்ப நல்லது.