திருப்பாப்புலியூர் சொந்தங்கள் குழு: சீட்டு பிளாஸ்டிக்கைக் கிழிக்கலாமா?

சனிக்கிழமை

[காலை 7:08] பிரபு: எல்லாருக்கும் வணக்கம். நேத்து சாயந்தரம் வண்டி எடுத்துட்டோம். திருவந்திபுரத்துல பூஜை போட்டுட்டு நேரா வீட்டுக்கு வந்தோம். அம்மாதான் முன்சீட்டு.

[காலை 7:08] பிரபு: 📷 போட்டோ

[காலை 7:11] கலா அத்தை: ரொம்ப சந்தோஷம்பா. உங்க வீட்டுல முதல் காரு. அண்ணன் இருந்து பார்த்திருக்கணும். நித்யாவை சுத்திப் போடச் சொல்லு.

[காலை 7:13] மீனா அக்கா: கலர் நல்லா இருக்குடா தம்பி. வாழ்த்துகள் 🙏

[காலை 7:21] பிரபு: ஒரு யோசனை கேக்கணும். சீட்டு மேல கம்பெனியில போட்ட பிளாஸ்டிக் அப்படியே இருக்கு. நித்யா கிழிச்சிடலாம்ங்கறா, எனக்கு மனசு வரல. உள்ள எல்லாம் வெளிர் நிறம். ஏழு வருஷம் தவணை கட்டணும். யாழினி வேற பால் பாட்டிலோடதான் ஏறுவா.

[காலை 7:23] கலா அத்தை: கிழிக்காத. பொங்கல் வரைக்குமாவது இருக்கட்டும். மழை வரப்போவுது, எல்லாரும் சேத்துக் காலோட ஏறுவாங்க.

[காலை 7:46] ராஜேந்திரன் மாமா: பிரபு, இன்னைக்கே எடுத்துடு. கலா அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொல்றது அக்கறையிலதான்னு எனக்குத் தெரியும். 22 வருஷம் வாடகை வண்டி ஓட்டினவன் சொல்றேன், கேளுங்க. அந்த பிளாஸ்டிக் ஷோரூம் வரைக்கும் அழுக்குப் படாம வர்றதுக்குப் போட்டது. நம்ம ஊர் கடலோரம், காத்துலயே ஈரம். அந்த ஈரம் பிளாஸ்டிக்குக்கு அடியில போயிடும், வெளிய வர வழி இருக்காது. வண்டி வெயில்ல நின்னா உள்ள வேகும். கொஞ்ச நாள்ல சீட்டுத் துணியில புள்ளி புள்ளியா பூஞ்சை பிடிக்கும். உக்கார்றவங்களுக்கு வழுக்கவும் செய்யும். சடன் பிரேக் போட்டா பெல்ட்டுக்கு அடியில உடம்பு சறுக்கும்.

[காலை 7:52] சதீஷ்: மாமா சொல்றது சரி. பிரபு, ஒண்ணு பாரு. முன்சீட்டு ரெண்டுலயும் கதவுப் பக்கத்து ஓரத்துல ஏர்பேக்னு எழுதின சின்ன துணிப்பட்டை தைச்சிருக்கா?

[காலை 7:58] பிரபு: இப்பதான் போய்ப் பார்த்தேன். இருக்கு.

[காலை 8:03] சதீஷ்: அப்ப சீட்டுக்குள்ளயே சைடு ஏர்பேக் இருக்கு. அடிபட்டா அந்த ஓரத் தையலைப் பிரிச்சுக்கிட்டுதான் பை வெளிய வரும். அதனால எந்தக் கவர் போட்டாலும் அந்த இடத்தை மூடக் கூடாது. பாண்டியில என் கடைக்கு வர்றவங்க முக்கால்வாசி பேரு ரெக்சின்ல இறுக்கமா சுத்தித் தைச்சுக் கொடுங்கன்னுதான் கேக்கறாங்க. ஏர்பேக் சீட்டுன்னா நான் அப்படித் தைக்க மாட்டேன். அந்தப் பக்கத்தை திறந்து விட்டுத் தைக்கணும், இல்ல சுலபமா அறுந்துபோற நூல்ல தைச்ச கவரா வாங்கணும். கவர் வாங்கும்போது அந்தத் தையலைக் கையால தொட்டுக் காட்டச் சொல்லு. காட்டத் தெரியலைன்னா வாங்காத.

[காலை 8:05] கலா அத்தை: இதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. பிள்ளைங்க உயிர் விஷயம்னா பிளாஸ்டிக் வேணாம், எடுத்துடு.

[காலை 8:09] பிரபு: சரிங்க அத்தை. மேட்டுக்கு என்ன பண்றது? கார் சாமான் கடையில தரை முழுக்க மூடுற 7டி மேட்டுதான் நல்லதுங்கறாங்க. தோல் மாதிரி இருக்கு, ஓரமெல்லாம் தூக்கி நிக்குது.

[காலை 8:31] ராஜேந்திரன் மாமா: அதைப் போடறதுக்கு முன்னாடி என் கதையைக் கேளு. கொஞ்சம் பெருசு, எல்லாரும் படிங்க.

போன வண்டியில நான் அதைத்தான் போட்டேன். கடை யாருதுன்னு வேணாம். கார்ப்பெட்டு மேலேயே வச்சு, சீட்டு போல்ட்டுக்கு அடியில சொருகி, கழட்டவே முடியாதபடி பொருத்திக் கொடுத்தாங்க. பார்க்க அழகா இருந்துச்சு. 2024 நவம்பர் 30 பெஞ்சல் புயல் பாண்டிகிட்ட கரையைக் கடந்துச்சு இல்ல, அந்த வாரம் வண்டி தெருவுலதான் நின்னுது. தண்ணி கதவுக்குக் கீழ் விளிம்பு வரைக்கும் வந்து வடிஞ்சுது. உள்ள மேட்டைத் தொட்டுப் பார்த்தேன், காஞ்சிருந்துச்சு. சாமிக்கு நன்றி சொல்லிட்டு விட்டுட்டேன்.

ஒரு மாசம் கழிச்சு ஏசி போட்டா ஊறவச்ச சாக்கு மாதிரி ஒரு வாடை. சாம்பிராணி போட்டேன், வாசனை டப்பா வச்சேன், போகல. அப்புறம் மீட்டர்ல ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிச்சுது. சீட்டைக் கழட்டி மேட்டைப் பிரிச்சுப் பார்த்தா, கார்ப்பெட்டுக்கு அடியில இருக்கிற ஸ்பாஞ்சு இட்லித் துணி மாதிரி தண்ணி குடிச்சிருக்கு. கையால அழுத்தினா விரல் சந்துல பழுப்பா தண்ணி வருது. சீட்டு போல்ட்டு துரு. சீட்டுக்கு அடியில மஞ்சள் கலர்ல ஒரு வயர் முனை வரும், அதோட பின்னெல்லாம் பச்சை பூத்துப் போச்சு. அந்த வயர்தான் ஏர்பேக்குக்குப் போறது. மேட்டு காஞ்சிருக்கேன்னு நான் நம்பினதுதான் வினை. மேல காஞ்சிருந்தாலும், அடியில இருந்த தண்ணியை அது பத்திரமா வச்சிருந்துச்சு.

அதனால தம்பி, கையால தூக்கி உதறக்கூடிய ரப்பர் மேட்டுப் போடு. ஓரம் கொஞ்சம் உயர்ந்து இருக்கட்டும், போதும்.

[காலை 8:38] மீனா அக்கா: மாமா, இவ்ளோ நடந்திருக்கு, ஒரு வார்த்தை சொல்லலையே.

[காலை 8:40] ராஜேந்திரன் மாமா: அப்ப எல்லார் வீட்டுலயும் தண்ணி. பெண்ணையாத்து வெள்ளத்துல அவங்கவங்க கஷ்டமே பெருசா இருந்துச்சும்மா.

[காலை 8:47] சதீஷ்: டிரைவர் பக்கம் தரையில ரெண்டு கொக்கி இருக்கும். மேட்டு ஓட்டை அதுல மாட்டி இருக்கணும். இருக்கிற மேட்டு மேலயே இன்னொண்ணைப் போடாத. முன்னாடி நகர்ந்து பெடலுக்கு அடியில போய் மாட்டிக்கும்.

[காலை 8:55] மீனா அக்கா: எனக்குத் தெரிஞ்சது மணல். முதுநகர்லேர்ந்து சில்வர் பீச்சுக்கு வாராவாரம் போறோம். அந்த மணல்ல உப்பு இருக்கு. உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், அதனால மேட்டு எப்பவும் பிசுபிசுன்னே இருக்கும். சீட்டு முன்ன பின்ன நகர்ற தண்டவாளத்துல மணல் இறங்கினா நறநறன்னு சத்தம் வரும். நான் பின்னாடி ஒரு பழைய தேங்காய்ப்பூத் துண்டும் 2 லிட்டர் பாட்டில்ல நல்ல தண்ணியும் வச்சிருக்கேன். காலைக் கழுவித் துடைச்சுட்டுத்தான் பிள்ளைங்க ஏறணும். ஏறினப்புறம் சுத்தம் பண்றதை விட அதுதான் லேசு.

[காலை 9:02] நித்யா: அக்கா, பால் கொட்டினா என்ன பண்றது? நேத்தே கொஞ்சம் சிந்திட்டா, பிளாஸ்டிக் மேலதான்.

[காலை 9:09] மீனா அக்கா: உடனே ஒத்தி எடு நித்யா, தேய்க்காத. தேய்ச்சா ஸ்பாஞ்சுக்குள்ள இறங்கிடும். பச்சைத் தண்ணியில துணியை நனைச்சுப் பிழிஞ்சு மறுபடி மறுபடி ஒத்து. வெந்நீர் வேணவே வேணாம், பால் உறைஞ்சு அங்கேயே பிடிச்சுக்கும். காஞ்சதும் ஆப்ப சோடா தூவி ராத்திரி விட்டுட்டுக் காலையில வேக்யூம்ல உறிஞ்சிடு. புளிச்ச வாடை அடங்கும்.

[காலை 9:10] கலா அத்தை: ஒத்தறதுக்குப் பழைய பருத்தி வேட்டிதான் நல்லது. என்கிட்ட நாலு இருக்கு, கிழிச்சுத் தரேன். நாளைக்கு வரேன்.

[காலை 9:14] நித்யா: சரிங்க அத்தை 🙏 பூஜையில வச்ச குங்குமம் டேஷ்போர்டு ஓரத்துலயும் ஸ்டீயரிங்லயும் இருக்கு. ஈரத்துணியால துடைக்கலாமா?

[காலை 9:20] சதீஷ்: முதல்ல ஈரம் வேணாம். குங்குமத்துல தண்ணி பட்டா சாயமா இறங்கிடும், ஸ்டீயரிங் தையல் நூல் சிவந்து போயிடும். காஞ்ச பிரஷ்ஷால தட்டி எடு, மிச்சத்தை அப்புறமா லேசான ஈரத்துணியில ஒத்து. டேஷ்போர்டுக்கு மினுமினுன்னு ஆக்குற பாலிஷ், தேங்காய் எண்ணெய் ரெண்டும் வேணாம். எண்ணெய்ப் பசையில தூசி ஒட்டும். பளபளப்பு முன் கண்ணாடியில பட்டு மத்தியானத்துல ரோடே தெரியாது. டச் ஸ்கிரீன்ல சானிடைசர் கையோட தொடாதீங்க, மேல் பூச்சு போயிடும்.

[காலை 9:31] பிரபு: பண்ருட்டியிலேர்ந்து மாமனார் பலாப்பழம் கொடுத்து விடுவாரு. பால் ஒட்டினா?

[காலை 9:36] மீனா அக்கா: டிக்கியில சாக்கு விரிச்சு வை. பிளாஸ்டிக்ல ஒட்டினா எண்ணெய் தொட்டு எடுத்துட்டு சோப்புத் தண்ணியில துடைக்கலாம். துணியில பட்டா எண்ணெய் ஆகாது. ஐஸ்கட்டி வச்சு இறுகினதும் நகத்தால உரிச்சு எடு.

[காலை 9:50] ராஜேந்திரன் மாமா: மீன் வாங்கப் போனாலும் மூடி போட்ட பக்கெட்டு. கவர்ல வேணவே வேணாம், ஒரு சொட்டு மீன் தண்ணி போதும்.

வெயிலுக்கு முன் கண்ணாடிக்கு மடிக்கிற மறைப்பு ஒண்ணு வாங்கு, நிறுத்தும்போது மட்டும் வை. கறுப்பு பிலிம் ஒட்டலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காத. முன்னாடி பின்னாடி கண்ணாடியில 70 சதவீதமும் சைடுல 50 சதவீதமும் வெளிச்சம் உள்ள வரணும்னு சட்டம். 2012-லயே சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டுருக்கு.

இன்னொண்ணு. மழை இல்லாத நாள்லயும் முன்னாடி இடது பக்கம் கால் வைக்கிற இடத்துல ஈரம் தெரிஞ்சா, ஏசி தண்ணி வெளிய போற குழாய் அடைச்சிருக்கும். மேல துடைச்சு விட்டுடாத. குழாயைச் சுத்தம் பண்ணச் சொல்லு.

[காலை 11:27] பிரபு: 📷 போட்டோ

[காலை 11:28] பிரபு: பிளாஸ்டிக் எல்லாம் எடுத்தாச்சு. அஞ்சு சீட்டு, தலை சாயுற இடம், கதவுப் பக்கம் வரைக்கும். டிரைவர் சீட்டுல அடிப் பக்கம் ஒரு கை அகலத்துக்கு ஈரமா இருந்துச்சு மாமா. நேத்து எடுத்த வண்டி! தண்ணி எதுவும் கொட்டல.

[காலை 11:31] ராஜேந்திரன் மாமா: காத்து ஈரமோ வேர்வையோ, பிளாஸ்டிக்குக்கு அடியில போய்த் தங்கியிருக்கும். நாளைக்கு ஞாயிறு, மழை இல்லைன்னா காலையில ஒரு மணி நேரம் நாலு கதவையும் திறந்து வை. மேட்டை வெளிய எடுத்துக் காய வச்சிட்டு, கார்ப்பெட்டை உள்ளங்கையால அழுத்திப் பாரு. ஐப்பசி, கார்த்திகை முடியற வரைக்கும் வாரம் ஒருதடவை இதைச் செய். மேட்டுக்கு அடியில பழைய தினத்தாள் விரிச்சு வை, நனைஞ்சா மாத்து.

[காலை 11:33] பிரபு: சரிங்க மாமா. சதீஷ், கவர் தைக்க எப்ப வரட்டும்?

[காலை 11:40] சதீஷ்: செவ்வாய்க்கிழமை வா. பின்சீட்டுக்கு கழட்டித் துவைக்கிற மாதிரி பருத்தியில போட்டுடலாம். முன்சீட்டை நான் நேர்ல பார்த்துட்டுத்தான் துணி வெட்டுவேன்.

[காலை 11:42] கலா அத்தை: நாளைக்கு எட்டு மணிக்கு வேட்டியோட வரேன். கதவைத் திறக்கும்போது நானும் இருக்கேன்.